பிரியாணி மட்டும்தானா, டாக்டர் தம்பி?

இது நீளமான பதிவு. டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாம் படத்தைப் போட்டு, "சின்ன வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் சுகரா?" என்று கேட்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன், இப்போது வெளிநாட்டில் பெரிய டாக்டர், கமெண்ட் போட்டான். "டீச்சர், நம்ம ஏரியா ஜனங்க பிரியாணி, பரோட்டா, சரக்கு, மாவா எல்லாத்தையும் விட்டாலே பாதி நோய் போயிடும். எடுத்ததுக்கெல்லாம் ஃபேக்டரியைக் குறை சொல்றது ஃபேஷனாப் போச்சு." அதற்கு விழுந்த லைக்கில் என் சொந்த அண்ணன் மகளுடையதும் ஒன்று.

தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) மாவா, சரக்கு, உப்பு பற்றி நீ சொன்னது சரி. முப்பது வருஷம் இங்கே அறிவியல் பாடம் எடுத்தவள் நான். எத்தனை பையன்களின் சட்டைப்பையிலிருந்து மாவா பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன் என்று உனக்கே தெரியும். உன் பையிலிருந்தும் ஒரு தடவை. நான் சண்டை போடுவது நீ சொன்னதோடு அல்ல, அதோடு நீ பேச்சை முடித்துக்கொண்டதோடு.

சென்னையிலும் டெல்லியிலும் 12,000-க்கும் மேற்பட்டவர்களை 2010-லிருந்து வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளிவந்தது. காற்றில் இருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகளின் நீண்டகாலச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 22 சதவீதம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் அந்தத் துகளுக்கு வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 5. நம் நாட்டு வரம்பு 40. வித்தியாசத்தை நீயே கழித்துப் பார். காற்று நுரையீரலை மட்டும்தான் தொடும் என்று நாம் அந்தக் காலத்தில் படித்தது பழைய பாடம். துகள் உடம்புக்குள் அழற்சியை உண்டாக்குகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதைக் கெடுக்கிறது என்பது இன்றைய பாடம். நீ டாக்டர், என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் பிரியாணியோடு நின்றுவிட்டாய்?

"தமிழ்நாட்டுக்கே சுகர் அதிகம் டீச்சர், நம்ம ஏரியாவுக்கு மட்டுமா" என்பாய். உண்மைதான். ஐ.சி.எம்.ஆர். நடத்திய பெரிய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் என்று வந்தது. ஆனால் அது மாநிலச் சராசரி. வகுப்புச் சராசரி அறுபது மார்க் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் பதினெட்டு வாங்கியவன் அந்த அறுபதுக்குள் காணாமல் போயிருப்பான். எண்ணூரும் மணலியும் அப்படித்தான் சராசரிக்குள் காணாமல் போகின்றன. மணலியை மிக மோசமாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்துவிட்டது. காற்றை அளந்தார்கள், தண்ணீரை அளந்தார்கள். அதைச் சுவாசித்தவன், குடித்தவன் உடம்பை யார் வருஷாவருஷம் அளந்தது?

இது முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதே. இந்தியாவிலேயே முதல் சர்க்கரை நோய் கிளினிக் 1948-ல் நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-ல் ராயபுரத்திலேயே தனி மருத்துவமனையும் வைத்தார். அதே 1948-ல் அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைப் பதிவு செய்து இதய நோய் ஆய்வைத் தொடங்கினார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பதிவேடு தொடர்கிறது. பி.பி., கொலஸ்ட்ரால், சிகரெட் இதெல்லாம் இதயத்தைக் கெடுக்கும் என்று உலகம் உறுதியாகத் தெரிந்துகொண்டதில் அந்த ஒரு ஊருக்குப் பெரிய பங்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. இந்த நகரத்து ஏழை எளியவர்களில் பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், பாதிப் பேருக்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தார்கள். வீடு தேடிப் போனார்கள். நோயாளியை மட்டுமல்ல, கூட இருந்த குடும்பத்தையும் வருஷக்கணக்கில் பார்த்தார்கள். வீட்டு வைத்தியமே போதும் என்று 1959-ல் முடிவு வந்தது, உலகமே டி.பி. வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. குடிசையில் இருப்பவனை ஐந்து வருஷம் விடாமல் பின்தொடர முடியும் என்று காட்டிய ஊர் இது!

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அப்போது ராயபுரத்தில் குடியிருந்தோம். காயப்போட்ட வெள்ளைப் புடவை சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறங்கிய காலம் அது. கடைசிக் காலத்தில் நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி எத்தனை வருஷம்?" அவர் பீடியைத் தொட்டதில்லை. சொன்னோம். நம்பியதாகத் தெரியவில்லை. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவே இல்லை. சீட்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது.

உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு 2011-ல் அந்த நிலக்கரியும் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின. நிலக்கரி எங்கே போனது? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. ராயபுரத்தின் தூசி வடக்கே வீடு மாற்றிக்கொண்டது. 2017-ல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. ஒரு இடத்தில் தூசி குறைகிறது, இன்னொரு இடத்தில் கூடுகிறது, ஒரு புகைபோக்கி நிற்கிறது. முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த ஆராய்ச்சியாளனுக்குக் கிடைக்கும்? எங்கள் தெருவுக்கு யாரும் வந்து ஒரு குழாயை நீட்டி "ஊதும்மா" என்று சொல்லவில்லை.

அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு எஃகு ஆலை 1986 ஆகஸ்டிலிருந்து 13 மாதம் மூடிக் கிடந்தது. ஆர்டன் போப் என்பவர் (டாக்டர்கூட இல்லை, பொருளாதாரப் பேராசிரியர்) ஆஸ்பத்திரிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக் கோளாறோடு சேர்க்கப்பட்ட குழந்தைகள், மூடிய குளிர்காலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. பெரிய கருவி எதுவும் இல்லை, பதிவேடு இருந்தது. அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் கலந்து சுமார் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. பல பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், சரியானதும் அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகளின் நுரையீரல் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும்? போபாலுக்கே ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய ஆய்வுகள் 1994-ல் நின்றன என்றால், நம் குப்பத்துக் கதி என்ன?

முகாம் போடுகிறார்களே என்பாய். போடுகிறார்கள், பேனரோடு. விரலைக் குத்தி, பத்து நாள் மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த வருஷம் வேறு டிரஸ்ட், வேறு பேனர். போன வருஷம் 160 இருந்தவனுக்கு இந்த வருஷம் எவ்வளவு என்று எந்த நோட்டிலும் இல்லை. தினம் புது வாத்தியார் வந்து வருகை எடுத்து, சாயங்காலம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் அது பள்ளிக்கூடமா?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் பெண் தங்கமான பெண். பி.பி. பார்க்கிறாள், மாத்திரை கொடுக்கிறாள், எழுதிக்கொள்கிறாள். அந்த நோட்டில் மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: இந்த வீட்டில் எத்தனை வருஷம், என்ன வேலை, ஊதல் சோதனையில் எவ்வளவு. எண்ணூர், மணலி, திருவொற்றியூருக்கு ஒரு பதிவேடு, தூசி இல்லாத ஒரு பகுதிக்கு இன்னொன்று. இருபது வருஷம் விடாமல் எழுதுங்கள், எழுதியதை ஜனங்களிடம் காட்டுங்கள். பிரியாணிதான் காரணம் என்று வந்தால் நான் உன் கமெண்டுக்கு லைக் போடுகிறேன்.

2024 டிசம்பரில் எர்ணாவூரில், 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்டார்கள். ஜனங்கள் எழுந்து எழுந்து நின்று மூச்சுத் திணறலையும் தோல் நோயையும் சொன்னார்கள். இதுமாதிரிக் கூட்டங்களில் அதிகாரிகளின் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆதாரம் எங்கே? எங்கள் உடம்பை எண்ணாமலே விட்டவர்கள் எங்களிடமே ஆதாரம் கேட்கிறார்கள்.

என் பீரோவில் 1994-ஆம் வருஷத்து பத்தாம் வகுப்பு பி பிரிவுப் பெயர்ப் பட்டியல் இன்னும் இருக்கிறது. சிலர் இங்கேயே இருக்கிறீர்கள், சிலர் தாம்பரம், ஆவடி, துபாய் என்று போய்விட்டீர்கள். ஒரே பள்ளி, ஒரே சத்துணவு, ஒரே வாசல் மாங்காய்க் கடை. எந்த ஏரியாவில் எத்தனை வருஷம் இருந்தீர்கள், என்ன வேலை, சுகர், பி.பி., மூச்சுக் கோளாறு இருந்தால் எந்த வருஷத்திலிருந்து என்று எனக்கு எழுதுங்கள். இது ஆராய்ச்சி ஆகாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். கமெண்டில் போடாதீர்கள், அது உங்கள் சொந்த விஷயம். மெசேஜில் அனுப்புங்கள். டாக்டர் தம்பி, நீயும் அந்த வகுப்புதான். உன் ரோல் நம்பர் 17.