நாற்பதாண்டு வரிசை

சென்னை நுங்கம்பாக்கத்திலே, ஹாடோஸ் சாலையிலே, சாஸ்திரி பவன் என்றொரு மத்திய அரசு மாளிகை உண்டு. அயல்நாட்டவர் பதிவு அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அடையாற்றிலே வீடெடுத்துத் தங்கும் ஜப்பானியப் பொறியாளர், மயிலாப்பூரிலே இசை பயில வந்த பிரெஞ்சு மாணவி, கிண்டியிலே தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்யும் ஆப்பிரிக்க இளைஞர் — 180 நாளுக்கு மேற்பட்ட விசாவோடு படிக்கவும் பணிபுரியவும் வருகிற இவர்கள், வந்திறங்கிய 14 நாளுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவர்களைத் தங்கவைக்கும் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வாடகை ஒப்பந்தம் எங்கே, கல்லூரிச் சான்று எங்கே, நிழற்படத்தின் அளவு சரியா, கையொப்பம் ஒத்திருக்கிறதா — கேள்விகள் பல. இன்று வா, நாளை வா என்னும் பழைய பல்லவியைக் குறைக்க 2018இல் இணையவழிப் பதிவு வந்தது. வந்த பிறகும், விடை வரவில்லையே, விசா முடிகிறதே என்று கணினித் திரையைப் பார்த்துக் கலங்குவோர் உண்டு.

அவர்களுடைய முறையீட்டில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. விருந்தினரை வாயிற்படியில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது எந்த அரசுக்கும் அழகன்று. ஆயினும் ஒன்று: அவர்களுடைய வரிசைக்கு முடிவு உண்டு. வாரங்கள் சில கழிந்தால் சான்று வரும். வராவிட்டால் விமானம் ஏறலாம். கையிலே கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்குப் பின்னே ஒரு நாடு, நாட்டின் சார்பிலே நகரில் ஒரு தூதர்!

முடிவே இல்லாத வரிசை ஒன்றும் இதே தமிழ்நாட்டில் நிற்கிறது. 1983 ஜூலையிலே கொழும்புத் தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தபோது தொடங்கிய வரிசை அது. படகேறி, பாக்கு நீரிணை கடந்து, இராமேசுவரம் கரையில் ஈரத் துணியோடு இறங்கியவர்களின் வரிசை. 1983 முதல் 2012 வரை இப்படி வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். திரும்பியோர் போக, 2021 அளவிலே முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவோடு, ஏறத்தாழ 34,000 பேர். தமிழ் பேசுகிறவர்கள், தமிழிலே கனவு காண்கிறவர்கள், தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள். அரசின் ஏட்டிலே இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் என்ன? அயலார்!

முகாமிலே இருப்பவர், குறித்த நாளில் தலைக்கணக்குக்கு ஆள் காட்ட வேண்டும். வெளியூர் சென்று தங்க இசைவு கேட்க வேண்டும். நாள் தவறினால், பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடுமோ என்று நெஞ்சு பதற வேண்டும். சென்னையிலே வாழ்பவர் வீடு மாறினால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். ‘போதும் இந்த வாழ்வு, பிறந்த மண்ணுக்கே போகிறேன்’ என்று புறப்பட்டாலும் வெளியேற அனுமதிச் சீட்டு வேண்டும். இருக்கவும் அனுமதி, போகவும் அனுமதி! மறுநாட்டுப் பொறியாளர் பதினான்கு நாளில் முடித்துக்கொள்ளும் காரியம், இவர்களுக்குத் தாத்தா காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்திலும் முடியவில்லை. இதற்குத் தாமதம் என்று பெயரிடுவது தமிழுக்கே இழுக்கு. பத்து நாள் பிந்தினால் தாமதம். நாற்பதாண்டு பிந்தினால், அது கொள்கை!

அந்தக் கொள்கையின் உருவத்தைப் பார்ப்போம், தோழர்களே!

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்திய மண்ணில் பிறந்தவரை இந்தியர் என்றது. பெற்றோர் யாரென்று அது துருவவில்லை. பிறகு திருத்தம் வந்தது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றது. மீண்டும் ஒரு திருத்தம். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோர் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் இந்தியராயின், மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராக இருத்தலாகாது என்றது.

இதன் விளைவு என்ன? ஒரே முகாம், ஒரே கூரை, ஒரே தாய் வயிறு. 1987 ஜூன் 30க்குள் பிறந்த அக்காள், சட்டப்படி இந்தியர். மறு ஆண்டு பிறந்த தம்பி, அயலார்! அக்காளுக்கு வாக்குண்டு, தம்பிக்கு இல்லை. பிறந்த நாளையும் நாழிகையையும் கொண்டு ஒருவனுடைய வாழ்வைக் கணிப்பவன் சோதிடன் என்றும், அதை நம்புகிறவன் ஏமாளி என்றும் ஊரூராய்ச் சென்று சொன்னோமே! இன்று அரசே சாதகம் கணிக்கிறது. கோள்களுக்குப் பதிலாக அரசிதழ். கட்டத்துக்குப் பதிலாகக் கோப்பு. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தது மனுவின் நீதி என்றால், பெற்றோர் வந்த படகைக் கொண்டு பிள்ளையை அயலாராக்குவது எந்த நீதி?

அக்காளுக்குரிய அந்த உரிமையும் எளிதிலே கிடைத்ததா? இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணி, தமக்குரிய கடவுச்சீட்டைப் பெற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக நேர்ந்தது. 2022இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில்தான் அவர் முதன்முதலாக வாக்களித்தார். சட்டம் பிறந்த அன்றே கொடுத்ததை, அலுவலகம் கொடுக்க முப்பத்தெட்டு ஆண்டு!

அலுவலகம் இருக்கும் மாளிகையின் பெயரையும் ஒருமுறை படியுங்கள். சாஸ்திரி பவன்! 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரி, சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்த மலையகத் தமிழரின் தலைகளை எண்ணி, 5,25,000 பேர் எனக்கு, 3,00,000 பேர் உனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்த ஒப்பந்தம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக்கினார்கள். 1948இலேயே இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்திருந்தது. உரிமை பறிபோனவர்களை ஒரு சொல்லும் கேளாமல், சந்தையில் மாடு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த மலையகத் தமிழரிலே, கலவரத் தீக்குத் தப்பிப் படகில் வந்தவர்களும் முகாமில் அடைபட்டனர். இந்திய வழியில் வந்தவர்களே அவர்கள் என்று 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை அவர்கள் பக்கம் நின்றது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கக் காலக்கெடுவும் விதித்தது. முகாம்களோ இன்றும் முகாம்களாகவே இருக்கின்றன.

அதே 2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்துக்கு மற்றொரு திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் — இம்மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் ஆகியோருக்குக் குடியுரிமை வழி திறந்தது. துன்புற்று வந்தவருக்கு இடம் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இசுலாமியரை ஏன் விலக்கினீர்? இலங்கையை ஏன் விலக்கினீர்? இந்துக்களைக் காக்க வந்த சட்டமென்று மார்தட்டினார்களே, இலங்கையிலிருந்து வந்த தமிழரிலே பெரும்பாலோர் இந்துக்கள்தாமே! மதத்தின் பெயரால் கதவைத் திறப்பவர்கள், மதம் ஒத்திருந்தும் தமிழன் என்றதும் தாழ் போட்டார்கள். கடவுளின் பெயரும்கூட இங்கே உதவவில்லை என்பதை நம் பக்தர்கள் சிந்திக்கட்டும்!

2025இல் புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டம் என வெள்ளையர் ஆட்சியில் பிறந்தவை நீங்கின. நீங்கியவற்றின் உயிரோ புதிய உடலிலே புகுந்துகொண்டது. நான் அயலான் அல்லன் என்று மெய்ப்பிக்கும் சுமை, அன்றுபோல் இன்றும் ஏழையின் தலையில்தான். 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி நுழைந்த குற்றத்துக்குத் தண்டனையில்லை என்று ஓர் ஆணை மட்டும் வந்தது. சிறையில்லை என்றார்கள், நன்றி! குடியுரிமை உண்டா என்றால், வாய் திறக்கவில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில், தண்டனை முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கிலே, உலக ஏதிலிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தருமசாலையன்று என்று உச்சநீதிமன்றத்தில் ஒரு கருத்து உரைக்கப்பட்டது. பணிவோடு கேட்கிறோம்: தருமசாலை கேட்டவர் யார்? முகாமிலிருந்து விடியலில் புறப்பட்டு, நம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசிவிட்டு, மாலையில் தலைக்கணக்குக்கு ஓடுகிறானே, அவனா கேட்டான்? அவன் வியர்வை சிந்திச் சோறு தின்கிறான். தருமசாலையில் உழைப்பவன் யார், உண்பவன் யார் என்பதை நாடறியும்!

பாதுகாப்பு என்பார்கள். 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொலையைக் காட்டுவார்கள். கொடிய செயல்தான் அது. ஆனால் ஓர் இயக்கத்தார் செய்த குற்றத்துக்காக, அதற்குப் பின் பிறந்த குழந்தையின் பெயரை ஐயப்பட்டியலில் எழுதுவது பாதுகாப்பா? குலம் முழுவதையும் குற்றவாளியாக்கும் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த நாடு இது. அந்த நாற்றம் வேறு பெயரில் வீசினால் மட்டும் மணக்குமா?

குடியுரிமை கொடுத்துவிட்டால் ஈழத்தில் அவர்களுடைய உரிமை போய்விடும் என்று சிலர் கவலைப்படுவர். போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கேளாமல் விட்ட அந்த மனிதனை இன்றேனும் கேளுங்கள். இருக்க விரும்புவோர்க்குக் குடியுரிமை; போக விரும்புவோர்க்குத் தடையில்லாப் பயணம். இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் தேர்வு. இரண்டையும் பூட்டி வைத்துக்கொண்டு, உன் நலனுக்காகத்தான் என்பது கொடுமை!

உலகைப் பாருங்கள். அதே புயலிலே டொராண்டோவுக்குச் சென்ற குடும்பங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் 2011இல் கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். மொழி வேறு, நிறம் வேறு, குளிர் வேறு என்றிருந்த நாடு, மன்றத்திலே இருக்கை கொடுத்தது. மொழியும் இனமும் ஒன்றான நாடு, முகாமிலே வரிசை எண் கொடுத்தது!

அயலார் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? மெரினாக் கடற்கரையிலே 1968இல் நாம் சிலை வைத்த கால்டுவெல், போப், வீரமாமுனிவர் எந்த நாட்டினர்? அந்த ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினோமே, அதற்கு அடிப்படையான உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை 1964இல் உருவாக்க முன்னின்ற தனிநாயகம் அடிகள் யார்? ஈழத்தவர்! 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின் கலித்தொகையை 1887இல் அச்சேற்றித் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை யார்? யாழ்ப்பாணத்தவர்! சங்க இலக்கியத்தைப் பெற்றுக்கொள்ளக் கை நீட்டினோம். அவருடைய இனத்தார் ஈரத் துணியோடு வந்தபோது படிவத்தை நீட்டினோம். அடையாற்றை அடுத்து ஒரு நகருக்கே, இலண்டனில் பிறந்த பெசன்ட் அம்மையாரின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். வந்தாரை ஏற்ற நகரம்தான் சென்னை. ஏழையாய், படகில், தமிழனாய் வந்தவனிடம் மட்டும் அதன் முகம் ஏன் மாறுகிறது?

டில்லியைச் சாடிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது, தோழர்களே! குடியுரிமை வழங்கும் அதிகாரம் டில்லியிடம் இருக்கிறது, உண்மை. ஆனால் முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவு யாருடையது? தமிழ்நாட்டுக் காவல்துறையினுடையது. தலைக்கணக்கு எடுப்பவர் பேசும் மொழி இந்தியன்று; தமிழ்! 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, ஏதிலியர் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டங்களும் அறிவித்தது. வரவேற்கிறோம். பெயர் மாறியது போல் கண்காணிக்கும் பார்வையும் மாற வேண்டாமா? மறுவாழ்வு என்று பலகை எழுதிய இடத்தில், ஐயம் என்று ஏடு எழுதலாமா?

ஆகவே கேட்கிறோம். இங்கே பிறந்தவர் அனைவருக்கும், பிறந்த ஆண்டு எதுவாயினும், குடியுரிமை வேண்டும். நீண்டகாலம் வாழ்ந்தவர்க்கு, சட்டப்புறம்பானவர் என்ற முத்திரையை நீக்கி விண்ணப்ப வழி திறக்க வேண்டும். மாநில அரசு, தன் கையிலுள்ள தலைக்கணக்கையும் பயண இசைவையும் இன்றே ஒழிக்க வேண்டும். போக விரும்புவோர் கேட்ட சில வாரங்களில் அனுமதி தர வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் பணி உண்டு. உங்கள் ஊருக்கு அருகே முகாம் இருக்கிறதா என்று பாருங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யார் யாரென்று கணக்கெடுங்கள். பிறப்புச் சான்று தேடிக் கொடுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வழக்குரைஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பெண்மணி போராடிப் பெற்றதை, ஆயிரம் பேர் போராடாமல் பெறச் செய்யுங்கள்.

தலையெழுத்தை நம்பாதே என்று மக்களுக்குச் சொன்னவர்கள் நாம். கோப்பெழுத்தும் தலையெழுத்தன்று. மனிதன் எழுதியது, மனிதன் மாற்றலாம். மாற்றுவோம்!