நிமிஷக் கூலி

எழுத்தாளன் காசு கேட்பதில் தப்பில்லை. எதை அளந்து காசு வருகிறது என்று கேட்கிறேன். 2017இல் கைதட்டலை எண்ணிக் கட்டுரைக்குக் காசு கொடுத்த மீடியம் தளம், 2019இல் வாசிப்பு நிமிஷத்துக்குத் தாவி, 2023இல் கைதட்டலையும் மறுபடி சேர்த்துக்கொண்டது. அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் 2014இல் 10 சதவீதம் படித்தாலே முழுக் கூலி தந்தது. புத்தகங்கள் துண்டு துண்டாயின. 2015 ஜூலையில் பக்கக் கணக்கு வந்ததும் ஊதத் தொடங்கின. உருவத்தைத் தீர்மானித்தது யார்?

வாசகன் கிடைத்துவிட்டான் என்று பூரிக்கும் நண்பர்களே, கிடைத்தது அவன் விரல்தான். எட்டு வரிக் கவிதைக்கு அரை நிமிஷக் கூலி. அது ஒருவனைப் பத்து வருஷம் அரித்தால் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? இந்த லட்சணத்தில், கவிதையைத் தொடராக நீட்டச் சொல்லி எனக்கே யோசனை வருகிறது.