பூக்காரி கணக்கு

பூக்காரி மொத்தக் கடையில் மல்லிகை வாங்கி, நம் வாசலில் முழம் போட்டு விற்கிறாள். எவ்வளவு பணம் புரண்டாலும் அவள் முந்தானையில் முடிந்துகொள்வது நடுவில் நிற்கும் சில்லறையைத்தான். உல்லாசப் பிரயாணம் ஏற்பாடு செய்யும் கம்பெனிகளும் அந்தப் பூக்காரி மாதிரிதான்! அறை ஓட்டல்காரருடையது, வண்டி பஸ் முதலாளியுடையது. இரண்டையும் சேர்த்துக் கட்டித் தம் பெயரில் விற்கிறார்கள்.

இவர்களிடம் வரி வாங்குவது எப்படி? ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 1977-ல் ஒரு விதி செய்தன. 1988-ல் அதை அமலுக்குக் கொண்டுவந்த பிரிட்டன், கூட்டை விட்டு விலகிய பிறகும் அதைக் கைவிடவில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே மதிப்புக் கூட்டு வரி என்பதுதான் விதி. உள்நாட்டுச் சுற்றுலா ஒன்றுக்கு அறையும் பஸ்ஸும் 880 பவுண்டுக்கு வாங்கி 1000-க்கு விற்றால் மிச்சம் 120. இருபது சதவிகித வரி அதற்குள்ளேயே அடக்கம். ஆக, 20 சர்க்காருக்கு, 100 கம்பெனிக்கு. ஆனால் ஓட்டல்காரர் பில்லில் போட்ட வரியைக் கம்பெனி திருப்பிக் கேட்கக் கூடாது. ஐந்து தேசம் சுற்றிக் காட்டுகிறவர் ஐந்து தேசத்து வரி ஆபீஸ் படியும் ஏற வேண்டாமே என்றுதான் இந்த ஏற்பாடு.

சரி, பூக்காரி தன் கொல்லையில் பூத்த கனகாம்பரத்தையும் சேர்த்துத் தொடுத்தால்?

இங்கிலாந்தில் டோர்க்கீ என்ற கடற்கரை ஊரில் மாட்ஜெட், பால்ட்வின் என்ற இருவர் ஓட்டல் நடத்தினார்கள். வட இங்கிலாந்திலிருந்து விருந்தினரைப் பஸ்ஸில் வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் போட்டு, ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கினார்கள். வந்தவர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் இப்படித்தான். அறை சொந்தம், பஸ் இரவல்! "எது எதற்கு எவ்வளவு? அசல் செலவைப் பிரித்துக் காட்டுங்கள்" என்றது வரி இலாகா. சமையற்காரர் சம்பளத்திலும் சலவைக் கூலியிலும் இன்ன விருந்தாளிக்கு இவ்வளவு என்று கூறு போட முடியுமா? நம் வீட்டு மளிகைக் கணக்கையே அப்படிப் பிரித்துப் பாருங்களேன்!

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 1998 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வழக்கமாகப் பஸ் பிரயாணமும் சேர்த்து விற்பதால் ஓட்டல்காரரானாலும் விதி பொருந்தும். ஆனால் வெளியில் வாங்கிய சேவைக்கு மட்டும். சொந்த அறைக்குச் சந்தை விலை தெரிந்தால் அதையே வைத்துக் கணக்குப் போடலாம். பாதி தோல்வி, பாதி வெற்றி. சமையற்காரர் சம்பளத்தைக் கூறு போடும் வேலையாவது தப்பியது!