கல்யாண வீடியோ டைட்டிலில் ‘கொங்கு’ ஏன் உடைகிறது?

நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஆங்கிலத்தில் ‘சூப்பர் ஸ்டார்’ என்று நிற்கும். பின்னணியில் தேவாவின் இசை. அடுத்து தங்க நிறத்தில் ‘ரஜினி’. 1992-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘அண்ணாமலை’யில் முதன்முதலாக வந்த அந்த டைட்டில் கார்டுக்கு, 30 வருஷம் தாண்டியும் தியேட்டரில் விசில் பறக்கிறது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் ஆரம்பக் காட்சிதான் அதற்குத் தூண்டுதல் என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆசை இப்போது கல்யாண வீடுகளுக்கும் வந்துவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என எந்த ஊர் மண்டபமாக இருந்தாலும், வீடியோக்காரரிடம் முதலில் வைக்கும் கோரிக்கை இதுதான்: “பையன் பேரும் புள்ளை பேரும் சினிமா மாதிரி வரோணுங்க.” வரும்தான். ஆனால், எழுத்து உடையாமல் வர வேண்டுமே!

டைட்டில் வேலை கோவைக்குப் புதிதில்லை. எம்.ஜி.ஆர் நடித்த ‘மலைக்கள்ளன்’ 1954-ல் வெளியானது இங்கிருந்த பட்சிராஜா ஸ்டூடியோவின் தயாரிப்பாகத்தான். சென்ட்ரல் ஸ்டூடியோவும் இதே ஊர். பக்கத்தில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். அந்தக் காலத்து டைட்டில் என்றால் ஓவியர் கையால் எழுதிய அட்டை. ஓடும் காட்சிக்கு மேல் எழுத்து தெரிய வேண்டுமென்றால், கறுப்பு அட்டையில் வெள்ளையாக எழுதிப் படம் பிடித்து, காட்சியோடு சேர்த்து ஒரே ஃபிலிமில் பதிவார்கள். கறுப்பு ஃபிலிமில் பதியாது; வெள்ளை மட்டும் காட்சியின் மேல் ஏறும்.

இன்றைய எடிட்டிங் ஆப்களில் இருக்கும் ‘ஸ்க்ரீன்’ மோடு செய்வதும் அதே வேலைதான். தங்கத் துகள், தீப்பொறி, புகை என இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் எல்லாம் கறுப்புப் பின்னணியில் இருப்பது இதனால்தான். பெயருக்கு மேல் அதை வைத்து, பிளெண்ட் மோடை ‘ஸ்க்ரீன்’ என்று மாற்றினால் கறுப்பு மறைந்து துகள்கள் மட்டும் மிதக்கும்.

ஒளிர்வும் அப்படி ஒன்றும் மந்திரமில்லை. பெயரை ஒரு நகல் எடுத்து அடியில் வையுங்கள். அந்த நகலை மட்டும் மங்கலாக்கி, நிறத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஏற்றுங்கள். எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கசிவது போலத் தெரியும். நகைக்கடை விளம்பரத்தில் ஒரு மின்னல் கோடு எழுத்தின் மேல் ஓடுமே, அது சாய்வான ஒரு வெள்ளைப் பட்டை. எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி ‘மாஸ்க்’ போட்டு, இடமிருந்து வலமாக ஒரு விநாடியில் நகர்த்த வேண்டும். ஒரு தடவை ஓடினால் அழகு. மூன்று தடவை ஓடினால் சீரியல் லைட்!

இனி அந்த உடையும் விவகாரம். ‘கொங்கு’ என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து: கொ, ங், கு. யூனிகோடில் கம்ப்யூட்டருக்கு ஆறு: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. டைப் அடிப்பது போல எழுத்து எழுத்தாக வரும் எஃபெக்ட்டைப் போட்டால், பல ஆப்கள் இந்த ஆறையும் தனித்தனியாக ஆட்டும். ‘க’ வந்து, அது திடீரென ‘கொ’வாக மாறும். ‘ங’ வந்து, பிறகு தலையில் புள்ளி ஏறும். இன்னும் மோசமான ஆப் என்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பறந்து வரும். பொன்னுசாமி, கௌசல்யா மாதிரியான பெயர்கள் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் பலரும் பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். பத்திரிகையில் தமிழில் அச்சான பெயர், வீடியோவில் ஆங்கிலமாகிவிடுகிறது. பேத்தியின் பெயரைத் திரையில் வாசிக்கக் காத்திருக்கும் அம்முச்சிக்கு யார் படித்துக் காட்டுவது?

‘அம்முச்சி’ என்றதும் நினைவுக்கு வருகிறது. கோவையிலிருந்து இயங்கும் ‘நக்கலைட்ஸ்’ யூடியூப் சேனல் அதே பெயரில் ஒரு தொடரே எடுத்தது. வட்டார வார்த்தையைத் தலைப்பில் வைப்பதில் கொங்கு ஆட்களுக்குக் கூச்சம் கிடையாது. எழுத்திலும் எதற்கு?

தப்பிக்க வழி இருக்கிறது. முதலில், அனிமேஷனை எழுத்து வாரியாக இல்லாமல் சொல் வாரியாக வையுங்கள். சொல் முழுதாக வந்தால் எதுவும் பிரியாது. எழுத்து எழுத்தாகத்தான் வேண்டுமென்றால் கொ, ங், கு என மூன்று தனி லேயர்களாக அடித்து, ஒன்றன் பின் ஒன்றாக வர வையுங்கள். கொஞ்சம் உழைப்பு, பலன் சுத்தம். இன்னொரு குறுக்கு வழி, பெயரை வேறு ஆப்பில் அழகாகச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்துவந்து, இடமிருந்து மெல்லத் திறப்பது. பிரீமியர் புரோவில் வேலை செய்பவர்கள், செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்வு செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபான்ட்டில் சிக்கனம் வேண்டாம், இலவசமாகவே நல்லது கிடைக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, கவிவனார், பவனம், முக்தா மலர் எல்லாம் யூனிகோடில் இருக்கின்றன. சற்றுச் சாய்ந்த கையெழுத்துப் போன்ற கவிவனாரைச் செய்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். எஃபெக்ட் போடப் போகிறீர்கள் என்றால் தடித்த எழுத்தே நல்லது. மெல்லிய எழுத்தில் ஒளிர்வைக் கூட்டினால் சுழிகள் அடைத்து ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தால், அது இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறக்கும்போது பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும்? வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்துப் பாருங்கள். அந்த நேரம் போதும். ரீல்ஸுக்கு என்றால் பெயரை நடுவில் வையுங்கள். கீழேயும் வலது ஓரத்திலும் ஆப்பின் பட்டன்கள் வந்து மறைத்துவிடும். பளிச் பளிச்சென்று ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்ன வைக்காதீர்கள். அப்படிப்பட்ட மின்னல் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மண்டபத்து எல்.இ.டி திரையில் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பு, கல்யாணப் பத்திரிகையை கையில் வைத்துக்கொண்டு பெயரையும் இனிஷியலையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். முடிந்தால் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பொண்ணு வீட்டில் ஒருவர் என இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அந்த ஃப்ரேமை மட்டும் அனுப்பி ஓகே வாங்கிவிடுங்கள்.