2 வருஷ நர்சிங் படிப்பு: தங்குவது எங்கே? ஹாஸ்டலா, வாடகை வீடா, தினமும் ரெயிலா?

சென்னை,

ஆஸ்பத்திரியில் காலை 7 மணிக்கு டியூட்டி மாறும். நைட் டியூட்டி நர்சு கிளம்ப, பகல் டியூட்டி நர்சு வந்து நிற்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவிக்கும் இதே மணிதான். "ரெயில் லேட்டு சிஸ்டர்" என்ற பேச்சு ஒரு நாள் எடுபடும், தினமும் எடுபடாது.

நர்சிங் படிக்க சென்னைக்கு வரும் பெண்கள் எந்த கல்லூரி, என்ன பீஸ் என்று 4 பேரிடம் விசாரிக்கிறார்கள். எங்கே தங்குவது என்பதை மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பலருடைய படிப்பு தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சம்பளம் இல்லாத 2 வருஷம்

பிளஸ்-2 முடித்து நேராக பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் 4 ஆண்டு. ஏற்கனவே ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து நர்சாக பதிவு செய்தவர்களுக்கு 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.' என்ற 2 ஆண்டு படிப்பு இருக்கிறது. பட்டம் இருந்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்று இதில் சேருகிறார்கள்.

இவர்களில் பலர் வேலையை விட்டோ, லீவு போட்டோ வருபவர்கள். கல்யாணம் ஆகி, கையில் குழந்தையோடு இருப்பவர்களும் உண்டு. சம்பளம் நின்றுபோகும், செலவு கூடும். அதனால் தங்கும் இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கத்தான் மனசு போகும்.

ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதியைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. பரீட்சை எழுத பாடத்திலும் செய்முறையிலும் குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். அதோடு, பட்டம் கைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரி பயிற்சியை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அதை பிறகு ஈடுகட்டியே தீரணும். காய்ச்சலில் படுத்தாலும், ரெயில் ஓடாவிட்டாலும் இதேதான்.

தினமும் ரெயில்: 100 மணி நேரம் எங்கே போச்சு?

உதாரணத்துக்கு அரக்கோணத்தில் இருந்து ஒரு மாணவி சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரிக்கு பயிற்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 69 கிலோ மீட்டர். லோக்கல் ரெயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம்.

7 மணிக்கு வார்டில் நிற்கணும் என்றால் நாலரை மணி வாக்கில் ரெயில் ஏற வேண்டும். மூன்றரைக்கே எழுந்திருக்க வேண்டும். போக 2, வர 2 என்று தினமும் 4 மணி நேரம். மாதம் 25 நாள் போனால் 100 மணி நேரம் ரெயிலிலேயே போய்விடும். மதிய ஷிப்டு போட்டால் வீடு திரும்ப ராத்திரி 10 மணி தாண்டும்.

செலவு குறைவு என்பது உண்மைதான். சீசன் டிக்கெட் இருக்கிறது. மாணவர் சலுகையும் உண்டு. ஆனால் அதற்கு வயது வரம்பு இருப்பதால், சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் ஸ்டேஷனில் முன்பே விசாரிப்பது நல்லது.

தூக்கம் இல்லாத கை ஊசி போடும்போது நடுங்கும். மருந்து அளவில் தப்பு வந்தால் பாதிக்கப்படுவது படுக்கையில் கிடக்கும் நோயாளி. ரெயில் டிக்கெட்டில் மிச்சமான காசு அதற்கு ஈடாகாது.

கல்லூரி ஹாஸ்டல்

நர்சிங் கல்லூரிக்கு ஹாஸ்டல் வசதி இருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி. பாதுகாப்பு உண்டு. மதிய ஷிப்டு முடிந்து திரும்புவதற்கும் கல்லூரி வண்டி இருந்தால் கவலை இல்லை. நைட் டியூட்டி முடித்து பகலில் தூங்கினாலும், பக்கத்து கட்டில் பெண்ணுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

குறை என்னவென்றால், குழந்தையோடு தங்க முடியாது. குழந்தை பாட்டி வீட்டில், அம்மா ஹாஸ்டலில் என்று 2 வருஷம் ஓடும். சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போய் திங்கட்கிழமை விடியற்காலை திரும்பும் அம்மாவுக்கு மனசு வார்டில் எப்படி நிற்கும்?

தனியார் விடுதி: 3 கேள்வி

தனியார் மகளிர் விடுதியில் இடம் பார்ப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்களா என்பதுதான். 2014-ல் பொள்ளாச்சி விடுதியில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அப்படியும் 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் மகளிர் விடுதி ஒன்றில் ரகசிய கேமராக்கள் சிக்கி, அதை நடத்தியவர் கைதானார். லைசென்சை கேட்க கூச்சப்படக் கூடாது.

2-வது, கேட் எத்தனை மணிக்கு பூட்டுவார்கள்? ஷிப்டு 8 மணிக்கு முடிந்து, 9 மணிக்கு கேட் மூடினால் தினமும் ஓட்டம்தான்.

3-வது, டிபன் எத்தனை மணிக்கு? ஏழரைக்குத்தான் இட்லி என்றால், ஆறேகாலுக்கே கிளம்பும் நர்சிங் மாணவி சாப்பிடாத சாப்பாட்டுக்கு காசு கட்டிக்கொண்டிருப்பார்.

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் அதையும் கேட்கணும். தங்கும் கட்டணம் ஒருவருக்கு மாதம் ரூ.20 ஆயிரத்துக்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 ஜூனில் முடிவு எடுத்தது.

வாடகை வீடு: அட்வான்ஸ்தான் வில்லன்

3 மாணவிகள் சேர்ந்து ரூ.9 ஆயிரம் வாடகையில் ஒரு வீடு எடுத்தால் ஆளுக்கு ரூ.3 ஆயிரம்தான். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் சென்னை வழக்கப்படி 10 மாத அட்வான்ஸ் கேட்டால் ரூ.90 ஆயிரம். ஆளுக்கு ரூ.30 ஆயிரத்தை முதல் நாளே கட்டணும். கரண்ட், தண்ணீர், கியாஸ் எல்லாம் தனி.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகை சட்டம், வீட்டுக்கு 3 மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. அப்படிப் பார்த்தால் ரூ.27 ஆயிரம் போதும். ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்து போட்டால் அதுதான் செல்லும். படிக்காமல் கையெழுத்து போடக்கூடாது. நடுவில் ஒருத்தி காலி செய்தால் அவள் பங்கை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பாதி வழியில் ஒரு வீடு

குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அரக்கோணம் பக்கத்துக் குடும்பம் ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கத்துக்கு வரலாம். செங்கல்பட்டு பக்கத்துக் குடும்பம் தாம்பரம், குரோம்பேட்டைக்கு வரலாம். புருஷன் ஊர்ப்பக்கம் வேலைக்கு ரெயில் ஏறட்டும், அவருக்கு காலை 7 மணி கெடு இல்லை. 2 வருஷம் ரெயில் கஷ்டத்தை அவர் ஏற்றுக்கொண்டால் குழந்தை அம்மாவோடு இருக்கும்.

எந்த முடிவு எடுப்பதற்கு முன்பும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பயிற்சி எந்தெந்த ஆஸ்பத்திரியில் என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரி பூந்தமல்லி பக்கம் இருக்கும். மனநல பயிற்சி கீழ்ப்பாக்கத்தில், குழந்தைகள் வார்டு எழும்பூரில் என்று போட்டுவிடலாம். கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு பிடித்தவர் அப்போது 2 பஸ் மாறிக்கொண்டிருப்பார்.

வாடகையை மட்டும் பார்த்து இடம் பிடிப்பவர்கள் கடைசியில் வருகைப் பதிவேட்டில் நஷ்டப்படுகிறார்கள். காலை 7 மணிக்கு, வயிற்றில் டிபனோடும் ராத்திரி நல்ல தூக்கத்தோடும் எந்த இடத்தில் இருந்து வந்து நிற்க முடியுமோ, அதுதான் நர்சிங் மாணவிக்கு மலிவான வீடு.