கூடையில் இறங்கிய பவுலை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

நீளமான பதிவு. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பொறுமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் பேகம்பூரில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சின்னப் பையன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் வராது, அதனாலேயே ஞாபகம் இருக்கிறது. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன் டீச்சர்" என்றாள். பிள்ளைகள் சொல்லும் பொய்யை முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டவள் நான். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளர் காலியாகும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அடி ஆரம்பித்து எட்டு வருஷம். சபைப் பெரியவர்களிடம் மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரே மருந்து: கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசி, சகித்துக்கொள், ஜெபம் பண்ணு, உன் பொறுமையைப் பார்த்து அவர் திருந்துவார். அவள் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த அதிகாரத்து வசனம்தான் போட்டிருந்தார்களாம்.

நானும் சபைக்குப் போகிறவள்தான். அந்த அதிகாரத்தைப் பார்க்காமலே சொல்லுவேன். அதனால்தான் கோபம் வருகிறது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம், பாடம் யாருக்கு என்று பார்ப்பது. பவுல் அதை அடி வாங்கும் மனைவிக்கா எழுதினார்? ஒரு சபைக்கே எழுதினார். அதுவும் எப்படிப்பட்ட சபை? ஆளுக்கொரு கட்சி கட்டியிருந்த சபை. கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவன் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்த சபை. இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள், இருக்கிறது. கை ஓங்கியவனை அடக்கத்தான் அந்தப் பட்டியலையே அவர் எழுதினார். சகிப்பதைச் சொன்ன அதே மூச்சில், அன்பு சினமடையாது, தன்னுடையதைத் தேடாது, அநாகரிகமாக நடக்காது என்ற பொருளிலும் சொல்கிறார். இந்தப் பாதியை அவள் புருஷனை உட்கார வைத்து எந்த மூப்பர் வாசித்தார்? அவளுக்குப் பரீட்சை, அவனுக்கு லீவா?

"பவுலும் அடி வாங்கினாரே டீச்சர்" என்று ஒருவர் எனக்கு போனில் பாடம் எடுத்தார். வாங்கினார். போன ஊழியத்துக்காக, தானே தெரிந்து ஏற்றுக்கொண்ட அடி அது. ஆனால் தப்பிக்க வழி இருந்தபோது அவர் என்ன செய்தார்? தமஸ்குவில் பிடிக்கக் காத்திருந்தார்கள். மதில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சவுக்கடிக்குக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார், அடி நின்றது. பிலிப்பியில் அடித்து ஜெயிலில் போட்டுவிட்டு, காலையில் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். போகமாட்டேன், அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்றார். பயந்துகொண்டு வந்தார்கள். அன்பைப் பற்றி எழுதிய அதே மனுஷன்தான் சட்டமும் பேசினார், ஓடவும் செய்தார். ஏன், இயேசுவே பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் அறைந்தபோது, ஏன் அடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பிள்ளையால் எட்டு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை.

கத்தோலிக்கர்களுக்கும் ஒன்று. உங்கள் திருச்சபைச் சட்டம் 1153-ம் பிரிவைப் பாருங்கள். உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. 2016-ல் போப் பிரான்சிஸும், பலவீனமானவரையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் பிரிவது சில நேரம் அவசியமாகிறது என்று எழுதியிருக்கிறார்.

நாட்டுச் சட்டமும் ரொம்ப நாள் நமக்கு நல்லது செய்யவில்லை. 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில் கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் தகாத உறவு ஒன்றே போதும். மனைவிக்கு வெறும் அடி போதாது, அதோடு அவனுடைய தகாத உறவையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது மாற 2001 ஆனது! விவாகரத்து வேண்டாம், அடி மட்டும் நிற்க வேண்டும் என்கிறவர்களுக்கு 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பெயர்கூடத் தெரியாத மூப்பர்கள் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நிலைத்து நிற்கும் அன்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1960-ல் கண்மூடிய ஐடா ஸ்கடரைச் சொல்வேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் கிடந்த மனைவிகளுக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் என்பதால் உள்ளே விடவில்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்தப் பெண் "பொறுமையாக இருங்கள்" என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்குப் போகவில்லை. படித்து 1899-ல் டாக்டரானார், 1900-ல் திரும்பி வந்தார், 1902-ல் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். நீடிய பொறுமை என்றால் எனக்கு அந்த வருஷங்கள்தான் தெரிகின்றன. கஷ்டத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார், அடுத்தவளைத் தூக்கச் சொல்லவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு பாயம்மா பையனுக்கு பிஸ்கட் கொண்டுவந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "எங்க ஜமாத்துலயும் இதே கதைதான் டீச்சர், பொம்பளைதான் சபூர் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இதைக் கிறிஸ்தவர் விவகாரம் என்று யாரும் ஒதுங்கவும் வேண்டாம், கேலி பேசவும் வேண்டாம்.

கமெண்ட்டில் "குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: முதல் அடி விழுந்த அன்றைக்கே அது பிரிந்துவிட்டது. பிரித்தவனிடம் போய் எழுதுங்கள். இதேபோல் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால், 181-க்கு போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். இல்லையென்றால் நேராக என் வீட்டுக்கு வாருங்கள், வழி தெரியும்.

அவள் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போகிறேன், பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க. மூட்டுவலி இருக்கிறது, ஆட்டோவில் போய்க்கொள்கிறோம். பையனுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இடம் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பு. அம்மா மாதிரி இல்லை, வாய்ப்பாடு நன்றாக வருகிறது.