முதலில் வயதைக் கேட்கும் வக்கீல்

16 வயதுப் பையனைப் போலீஸ் பிடித்துப் போனதும் வீட்டார் நகையை அடகு வைத்துவிட்டு, பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல் யாரென்று விசாரிக்கிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் கொலை வழக்குகளில் வாதாடியவர் என்பதாலேயே ஒருவர் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஏற்றவர் ஆகிவிடமாட்டார். அங்கே மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்திருப்பார்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஜாமீன் தருவதுதான் பொது விதி. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். விஷயம் தெரிந்த வக்கீல் முதலில் கேட்பது பிறந்த தேதியுள்ள பள்ளிச் சான்றிதழை. அது பீரோவில் கிடக்க, பையனை 18 தாண்டியவன் என்று எழுதிச் சிறைக்கு அனுப்புவது பெருங்கொடுமை. கொடுங்குற்றமென்றால் இன்னும் கவனம் வேண்டும்: 16 நிரம்பியவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பிடும் கட்டத்தில் வக்கீல் அசந்துவிடக் கூடாது. காசில்லையே என்று யாரும் கலங்க வேண்டாம். குடும்ப வருமானம் எவ்வளவானாலும் சிறாருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை; மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்கும் அழைக்கலாம். இதைக் காவல் நிலையத்திலேயே பெற்றோரிடம் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆறவில்லை. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின்முன் நிறுத்தும்போதே பையனின் பக்கத்தில் வக்கீல் நிற்க வேண்டும், அடுத்த வாய்தாவுக்கு அல்ல.